பஃபர் வருவதற்கு முன் நத்தை வரட்டும்

ஒன்றரை ஆண்டாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இரண்டடி மீன் தொட்டி. உள்ளே எட்டு கப்பிகள், ஆறு நியான் டெட்ராக்கள், கொஞ்சம் செர்ரி இறால்கள், காற்று பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கடையில் பட்டாணி அளவில், மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகளோடு ஒரு பஃபர் மீனைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டீர்கள். தொட்டி பழையது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்து விட்டுவிடலாமா, அதற்கு முன் எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இந்த ஞாயிறு வேண்டாம். ஐந்தாறு வாரம் பொறுத்து வாங்குங்கள். உங்கள் தண்ணீரில் பெரிய குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த மீன் சாப்பிடுவதற்கு உங்கள் வீட்டில் இன்று எதுவும் இல்லை. அதோடு இருக்கக்கூடிய மீன்களும் உங்கள் தொட்டியில் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பஃபர் வாங்கியவர்களில் பலர் மீனை முதலில் கொண்டுவந்து, உணவைப் பிறகு தேடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் வயிறு ஒட்டிப்போன மீனின் படத்தை அனுப்பி என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், பார்த்தது எந்த பஃபர் என்பதை உறுதிசெய்யுங்கள். நம் கடற்கரையில் பேத்தை என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் இவை. கடைகளில் 'பஃபர்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு இனங்கள் விற்கப்படுகின்றன. பட்டாணி பஃபர் முழு வளர்ச்சியிலும் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. சுத்தமான நன்னீர் மீன். பச்சைப் புள்ளி பஃபர் குட்டியாக இருக்கும்போது கிட்டத்தட்ட அதே அழகோடு இருக்கும், ஆனால் பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும். வளர வளர உப்பு கலந்த கழிமுகத் தண்ணீர் கேட்கும். உங்கள் தொட்டி அதற்கு எந்த வகையிலும் பொருந்தாது. அடையாளம் எளிது: பச்சைப் புள்ளி பஃபருக்கு முதுகு பளிச்சென்ற பச்சை, வயிறு தூய வெள்ளை, முதுகின் புள்ளிகள் உருண்டையாகத் தனித்தனியாக இருக்கும். பட்டாணி பஃபருக்கு விலாவில் பெரிய, ஒழுங்கற்ற கரும்திட்டுகள் இருக்கும். அடிவயிறு மஞ்சள் சாயலில் இருக்கும். இரண்டு அங்குல நீளத்தில் ஒரு மீனைக் காட்டி 'பட்டாணி பஃபர்' என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். இனிமேல் நான் பஃபர் என்று எழுதுவதெல்லாம் பட்டாணி பஃபரைத்தான்.

இது நம் பக்கத்து மீன் என்பது பலருக்குத் தெரியாது. கேரளத்திலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 1941இல் மீனியல் அறிஞர்கள் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்று மீனை வைத்து இதை விவரித்தார்கள். அதன் அறிவியல் பெயரில் திருவிதாங்கூர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று இது அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வாழிடம் கெட்டது ஒரு காரணம். நம்மைப் போன்ற தொட்டிக்காரர்களுக்காக ஆற்றிலிருந்து அள்ளியது இன்னொரு காரணம். ஆகவே தொட்டியில் பிறந்த குஞ்சு கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். ஆற்றில் பிடித்த மீன் பெரும்பாலும் குடற்புழுவோடும் பட்டினியோடும் வந்து சேரும் என்பதால், இது உங்களுக்கும் நல்லது.

இப்போது உங்கள் கப்பிகள். அவற்றை இதோடு வைக்க முடியாது. கப்பியின் வால் பஃபரின் கண்ணில் அசைந்துகொண்டே இருக்கும் ஓர் இரை. நானும் தொடக்கத்தில், இவ்வளவு சின்ன மீன் என்ன செய்துவிடும் என்று நினைத்து, ஏழு கப்பிகள் இருந்த தொட்டியில் ஒன்றை விட்டேன். இரண்டாம் நாள் காலையில் நான்கு கப்பிகளுக்கு வால் பாதிதான் இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு செத்தன. கடித்த இடத்தில் பூஞ்சை ஏறி மெதுவாகச் செத்தன; அதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் உறுத்துகிறது. நியான் டெட்ராக்கள் வேகமாக நீந்துவதால் சில நாள் தப்பிக்கும், ஆனால் ஓயாத விரட்டலில் நலியும். செர்ரி இறால்களில் பெரியவை பாசிக்குள் ஒளிந்து பிழைக்கலாம். குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சாது. ஓட்டோசிங்க்ளஸ் போன்ற பாசி மேய்ப்பான்களோடு பிரச்சினை இல்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனாலும் முதல் பஃபரை அதற்கென்றே ஒரு தொட்டியில் வைப்பதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

அதற்காகக் கப்பிகளை இன்றே வெளியேற்ற வேண்டாம். அவை இன்னும் ஐந்து வாரம் இருக்கட்டும். 'பழகிய தொட்டி' என்று நாம் சொல்வது அதன் வயதைப் பார்த்து அல்ல. ஸ்பாஞ்சிலும் சரளையிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களைப் பார்த்துத்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்குகிறது. அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்குகிறது. இந்த உயிர்களின் அளவு, தினம் கிடைக்கும் கழிவின் அளவைப் பொறுத்தது. மீன்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு மாதம் தொட்டியைக் காலியாக ஓட்டினால் நுண்ணுயிர்களும் பட்டினியில் குறைந்துவிடும். தண்ணீர் பளிங்காக இருக்கும், தொட்டி மட்டும் மறுபடி புதுத் தொட்டியாகிவிடும். பதினான்கு மீன்களின் கழிவைச் சமாளிக்கும் உங்கள் ஃபில்டருக்கு ஒரு பஃபரின் கழிவு பெரிய சுமையாக இருக்காது. எனவே பஃபர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு கப்பிகளையும் டெட்ராக்களையும் வேறு தொட்டிக்கோ நண்பருக்கோ கடைக்கோ மாற்றினால் போதும். ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். கப்பி நம் நீர்நிலைகளின் மீன் இல்லை. அங்கே உள்ள சிறு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

இந்த ஐந்து வாரத்தில் கப்பிகள் உங்களுக்கு இன்னொரு உதவியும் செய்யும். அவற்றின் கழிவுத் துளையை உற்றுப் பாருங்கள். சிவப்பு நூல் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது காமலானஸ் என்னும் குடற்புழு. பண்ணைக் கப்பிகளில் இது அடிக்கடி வரும். மீனிலிருந்து மீனுக்கு நேரடியாகவே பரவும். அதை இப்போதே குணப்படுத்திச் சரளையை நன்றாக உறிஞ்சி எடுத்துவிட்டால், வரப்போகும் மீன் தப்பிக்கும்.

தண்ணீரைச் சோதிக்க ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள். பட்டைத்தாளை விடச் சொட்டுமருந்து வகை நம்பகமானது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் 'கொஞ்சம்' என்ற பேச்சே கிடையாது. பஃபருக்கு மற்ற மீன்களைப் போல உடலை மூடும் செதில் இல்லை, தோல்தான். தண்ணீர் கெட்டால் முதலில் துன்பப்படுவது அதுதான். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. பிஹெச் 6.5 முதல் 8 வரை எதுவானாலும் அது பழகிக்கொள்ளும். அதை மருந்து போட்டு இறக்கவோ ஏற்றவோ முயலாதீர்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: பிஹெச் 7 இருக்கும் தண்ணீரை விட 8 இருக்கும் தண்ணீரில் அதே அளவு அம்மோனியா ஏறத்தாழப் பத்து மடங்கு நச்சாகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் பிஹெச் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

பழைய தொட்டிகளுக்கே உரிய ஒரு நோய் உண்டு. ஒன்றரை ஆண்டாக ஆவியான தண்ணீருக்குப் பதில் மேலே ஊற்றி நிரப்பி மட்டுமே வந்திருந்தால், தண்ணீர்தான் ஆவியாகியிருக்கும். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே சேர்ந்துகொண்டே போயிருக்கும். உள்ளேயே வாழும் மீன் அதோடு மெல்ல மெல்லப் பழகியிருக்கும். வெளியிலிருந்து வரும் மீனுக்கு அது திடீர் அடி. உங்கள் குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்து ஒப்பிடுங்கள். பிஹெச்சிலும் நைட்ரேட்டிலும் பெரிய வேறுபாடு தெரிந்தால், ஒரே நாளில் மாற்றிவிடாமல், வாரத்துக்கு இரண்டு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றி இரண்டையும் நெருங்கச் செய்யுங்கள். மாநகராட்சித் தண்ணீரென்றால் ஆன்ட்டி குளோரின் சொட்டு கட்டாயம். சரளையை ஒவ்வொரு வாரமும் மூன்றில் ஒரு பகுதி மட்டும் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் இத்தனை நாள் வளர்த்த நுண்ணுயிர்களைக் குளோரினில் கொன்றுவிடுவீர்கள்.

கல் உப்பு போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பட்டாணி பஃபருக்கு உப்பு தேவையே இல்லை. முன்பு எப்போதாவது செம்பு கலந்த வெள்ளைப்புள்ளி நோய் மருந்தோ நத்தையைக் கொல்லும் மருந்தோ அந்தத் தொட்டியில் ஊற்றியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஊற்றியிருந்தால் நிறையத் தண்ணீர் மாற்றி, ஃபில்டரோடு சில நாள் ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கரிப் பையும் போட வேண்டும். பிறகு நான்கு நத்தைகளை விட்டுப் பாருங்கள். அவை ஒரு வாரம் சுறுசுறுப்பாக ஊர்ந்தால் தண்ணீர் சரி. உங்கள் இறால்கள் நலமாகக் குட்டி போடுகின்றன என்றால் இந்தக் கவலையே வேண்டாம். செம்பு இருந்திருந்தால் இறால்தான் முதலில் செத்திருக்கும்.

இனி நத்தைக்கு வருகிறேன். இந்த மீனின் வாயைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பற்கள் இணைந்து கிளி மூக்கு மாதிரி ஓர் அலகாகியிருக்கின்றன; இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயருக்கே 'நான்கு பல்' என்றுதான் பொருள். அந்தப் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு உடைத்துத் தின்றால் தேயும். பெரிய பஃபர்களைப் போல இந்தக் குட்டி இனத்துக்குப் பல் அதிகம் நீள்வதில்லை என்றாலும், நத்தையே காட்டாமல் வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பல்லை விட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இது உயிருள்ள இரையை வேட்டையாடும் மீன். மிதக்கும் உருண்டைத் தீவனத்தை உணவென்றே அது மதிக்காது. கடையில் தரும் பாக்கெட் தீவனத்தை நம்பி வாங்கிவிட்டு, 'பசித்தால் தானே தின்னும்' என்று காத்திருந்தவர்கள் மீனை இழந்திருக்கிறார்கள்.

நத்தைப் பண்ணை வைப்பது எளிது. பதினைந்து இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, உங்கள் மீன் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர், இரண்டு கொத்துச் செடி, முடிந்தால் ஒரு காற்றுக்கல். செடிக் கடைகளில் செடியோடு ஒட்டி வரும் சின்ன நீர்க்குமிழி நத்தையும், தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தையும் இதற்குச் சிறந்தவை. நண்பரின் தொட்டியில் வேண்டாம் என்று அள்ளிக் கொட்டுவதை வாங்கிக்கொள்ளுங்கள். வேகவைத்த கீரைத்தண்டு, வெள்ளரித் துண்டு, பூசணித் துண்டு போடுங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஓடு மெலிந்து வெளுத்தால் சுண்ணச்சத்து போதவில்லை என்று பொருள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிப் போட்டால் அது தீரும். முட்டை பொரிந்து, குட்டிகள் தின்னும் அளவுக்கு வளர்ந்து, எடுக்க எடுக்கக் குறையாத நிலை வருவதற்கு ஐந்தாறு வாரம் ஆகிறது. நான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

வயலிலும் குளத்திலும் நத்தை பொறுக்கி வராதீர்கள். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். சரளைக்குள் புதையும் கூம்பு வடிவ மலேசிய ட்ரம்பெட் நத்தையையும் தவிருங்கள். அதன் ஓடு இந்தச் சின்ன அலகுக்கு மிகக் கடினம். அளவுக்கு ஒரு விதி: மீனின் கண்ணளவு நத்தை கொடுங்கள். பெரியதைக் கொடுத்தால் சில மீன்கள் சதையை மட்டும் கொத்திவிட்டு மிச்சத்தை அழுக விட்டுவிடும்.

நத்தை மட்டும் போதாது. உறையவைத்த ரத்தப்புழு இப்போது பெரிய கடைகளில் கட்டியாகக் கிடைக்கிறது. ஒரு சிறு துண்டைக் கரைத்து வடிகட்டி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினால் பெரும்பாலான மீன்கள் சில நாளில் பழகிவிடும். அதைத் தொட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும், கவனம். டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு கிடைத்தால் மிக நல்லது. கொசுப்புழு இந்த மீனுக்கு அமிர்தம். ஆனால் அதற்காக மொட்டை மாடியில் வாளியைத் திறந்து வைக்க வேண்டாம். டெங்கு பரவும் ஊரில் உங்கள் மீனுக்காக அக்கம்பக்கத்தார் காய்ச்சலில் படுக்கக்கூடாது. சாக்கடையில் பிடித்த உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை நான் எந்த மீனுக்கும் போடுவதில்லை.

தொட்டியின் உள்ளமைப்பையும் மாற்ற வேண்டும். கப்பித் தொட்டியில் நடுவெளி திறந்திருக்கும். பஃபருக்கு அது பாலைவனம். கண்ணாடி ஓரமாகவே மேலும் கீழும் ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கும் பஃபரைப் பார்த்திருப்பீர்கள். சலிப்பும் அச்சமும்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். தொட்டியின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாத அளவுக்குச் செடி வளருங்கள். பின்னால் வாலிஸ்னேரியா, நடுவில் மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், அதன் அடியில் ஜாவா பாசி, மேலே கொஞ்சம் மிதவைச் செடி. தெருவோர பாதாம் மரத்தின் உதிர்ந்த சருகை, புகை படாத இடத்திலிருந்து எடுத்துக் கழுவி நாலைந்து போட்டால், இலைக்கடியில் நத்தையைத் தேடுவதே அதற்கு நாள் முழுக்க வேலை. செடியை இப்போதே நட்டால் ஐந்து வாரத்தில் வேர் பிடித்துவிடும். கூடவே பண்ணையிலிருந்து இருபது நத்தைகளைப் பெரிய தொட்டியிலும் விட்டுவிடுங்கள்; கப்பிகள் அவற்றைத் தொந்தரவு செய்யாது. வரும் மீன் முதல் நாளே வேட்டைக்காட்டில் இறங்கும்.

எத்தனை மீன்? இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி கணக்குக்கு 57 லிட்டர். சரளையும் மேல் இடைவெளியும் போக உண்மையில் 45 லிட்டர்தான் தண்ணீர். ஒரு பஃபர் அதில் ராஜாவாக வாழும்; தனிமையில் வாடாது. கூட்டம் வேண்டும் என்றால் மூன்று, அதுவும் ஒரே நாளில் சேர்த்து விட வேண்டும். இரண்டு மட்டும் வைப்பதுதான் ஆகக் கெட்ட தேர்வு: ஒன்று விரட்டும், மற்றது ஒளியும், விரட்டலைப் பங்கிட்டுக்கொள்ள மூன்றாவது இல்லை. ஆணுக்கு அடிவயிற்றின் நடுவே கறுத்த கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கக் கோடுகளும் தெரியும்; குட்டியில் இரண்டும் தெரியாது. அதனால் முதல் முறை ஒன்றோடு தொடங்குங்கள் என்பேன்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி போதும். நம் ஊரில் ஹீட்டரை விடக் கோடைதான் கவலை. சித்திரை வைகாசியில் தொட்டி 32-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்வெட்டுக்கு பேட்டரி காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்று உங்களைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வயிறு குழிந்திருக்கக்கூடாது. முடிந்தால் உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். வலையில் தூக்க விடாதீர்கள். பயந்தால் இது தண்ணீரை விழுங்கி உப்பும். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கிவிடலாம், அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் செத்துப்போவதும் உண்டு. நீருக்கடியிலேயே ஒரு டம்ளரில் ஏந்திப் பைக்கு மாற்றச் சொல்லுங்கள். அது உப்புவதைப் பார்க்க ஆசைப்பட்டு யாரும் அதைச் சீண்ட வேண்டாம். அது விளையாட்டல்ல, உயிர்ப்பயம்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, பையைப் பதினைந்து நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் டம்ளர் தொட்டித் தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரத்தில் டம்ளரோடு மீனை இறக்கிவிடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒளிந்துகொண்டு எதையும் தொடாவிட்டால் கலங்க வேண்டாம். காலையில் காலி நத்தை ஓடு கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது தின்கிறது. நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தாலும், கழிவு வெள்ளை நூலாக வந்தாலும் குடற்புழு என்று சந்தேகியுங்கள். லெவாமிசோல், பிராசிகுவாண்டல் இரண்டும் இதற்குப் பயன்படும் மருந்துகள். மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள், கைக்கணக்காக வேண்டாம்.

தின்னத் தொடங்கியபின், வயிறு லேசாக உருண்டு தெரியும் அளவுக்குத் தினம் ஒரு முறை கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் எதுவும் வேண்டாம். மிச்சச் சதையை அன்றே எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒரு முறை அம்மோனியாவைச் சோதியுங்கள். நத்தைப் பண்ணையில் முட்டைக் கொத்துகள் தெரிகின்றனவா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.